சூடம் அடித்த வீடு

கண்ணு,

போன மாதம் உன்மேல் நான் எறிந்த கரண்டி வளைந்தபடியேதான் கிடக்கிறது. அதை நிமிர்த்த எனக்கு மனம் வரவில்லை. உன் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் பட்டதால் பிழைத்தாய். நீ கைகூடக் கழுவாமல் எழுந்து, பையைத் தூக்கிக்கொண்டு விருத்தாசலம் பஸ்ஸில் ஏறிவிட்டாய். கோழிக்குழம்பை நான் தெருநாய்க்கு ஊற்றினேன். அடுத்த வாரம் நீ கடல் தாண்டிப் போகிறாய் என்று உன் பெரியப்பா சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. பெற்றவளிடம் சொல்லாமல் போகிற அளவுக்குக் கோபம். இருக்கட்டும், என் வயிற்றில் பிறந்தவனுக்குக் கோபம் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் அந்தக் கரண்டி ஏன் பறந்தது என்று தெரியாமல் நீ விமானம் ஏறக்கூடாது. இதை நீ மட்டும் படித்தால் போதாது. நீ போகிற ஆய்வுக்கூடத்தில் உன்னோடு நிற்கப்போகிறவர்களுக்கும் படித்துக் காட்டு. எட்டாம் வகுப்போடு நின்று, ஜெயங்கொண்டத்தில் முந்திரிக்கொட்டை உடைத்துக் கை வெந்துபோனவள் எழுதுகிறாள் என்று சொல். எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அன்று நீ சோற்றைப் பிசைந்துகொண்டே என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? போதை ஊசிக்கு அடிமையானவனை மீட்க உடம்புக்குள்ளேயே ஒரு காவலை உண்டாக்கப்போகிறோம் என்றாய். எனக்குப் புரியவேண்டும் என்று பொறுமையாகத்தான் சொன்னாய். "பாம்புக்கடிக்கு ஊசி போடுறாங்கள்ல, குதிரைக்குக் கொஞ்சங் கொஞ்சமா வெசத்த ஏத்தி, அதோட ரத்தத்துலேருந்து எடுக்குற மருந்து, அது மாதிரிதாம்மா. மார்ஃபின ஒரு புரதத்தோட ஒட்டவெச்சு எலிக்குப் போடுறோம். அப்பறம் மார்ஃபின் உள்ள வந்தா, அது மூளைக்குப் போறதுக்கு முன்னாடியே ரத்தம் புடிச்சு நிறுத்திடும்." நிறுத்திவிட்டது என்று எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன். நீ சிரித்தாய். "எலிய சூடான தகட்டு மேல வுடுவோம். சாதா எலிக்கு மார்ஃபின் போட்டா சூடு ஒறைக்காது, சும்மா நிக்கும். நம்ம எலிக்கு எவ்வளவு போட்டாலும் ஒறைக்கும். காலத் தூக்கித் தூக்கித் துள்ளும். துள்ளுச்சுன்னா நாங்க ஜெயிச்சுட்டோம்னு அர்த்தம்." அதோடு விட்டாயா? "அப்பா காலத்துல இது மட்டும் இருந்துருந்தா!" என்றாய். அப்போதுதான் கரண்டி பறந்தது. வாசற்படி தாண்டும்போது திரும்பி நின்று, "பெரியப்பா சொன்னது சரிதான். நீ அன்னைக்கு ஊசி போடச் சொல்லலன்னா அப்பா உசுரோட இருந்துருப்பாரு" என்றாய். அந்த வார்த்தை என்மேல் சரியாகப் பட்டது. எறிவதில் நீ என்னைவிடக் கெட்டிக்காரன்.

இனி நான் சொல்வதைக் கேள். உன் அப்பா அரியலூருக்குத் தெற்கே சுண்ணாம்புக்கல் குவாரியில் வெடி வைக்கிற ஆள். பாறையைத் தட்டிக் காதால் கேட்டே எங்கே துளை போடலாம் என்று சொல்வார் என்று கூட வேலை பார்த்தவர்கள் பெருமை பேசுவார்கள். ஒரு நாள் மேலே தொங்கிக்கொண்டிருந்த கல் சரிந்து இடுப்பில் விழுந்தது. திருச்சி பெரியாஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்துக் கட்டினார்கள். வலிக்கு மார்ஃபியா போட்டார்கள். நீ மார்ஃபின் என்கிறாய், எங்களுக்கு அது மார்ஃபியா. எலும்பு கோணலாகச் சேர்ந்தது. ஊருக்கு வந்த பிறகும் வலி போகவில்லை. அவர் கத்துகிற கத்தலைக் கேட்கச் சகிக்காமல், ஊசி போட்டுவிடும் கம்பவுண்டர் ஒருவனை நானேதான் கூப்பிட்டு வந்தேன். அவன் காலில்கூட விழுந்தேன். வலிக்குப் போட்ட ஊசி கொஞ்ச நாளில் ஊசிக்காகப் போடுகிற ஊசியாயிற்று. எது வலி, எது ஏக்கம் என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஊசி கிடைக்காத நாளில் அவர் மனிதராக இருக்கமாட்டார். மாட்டுக்கு முளையடிக்கிற கட்டையால் என் முதுகில் அடித்திருக்கிறார். அடுப்பில் கொதித்த உலையைக் காலால் உதைத்திருக்கிறார்; இந்த முழங்கால் தழும்பு அதனால் வந்ததுதான். அடி வாங்கிய பாவி என்று யாரும் எனக்காக உச்சுக்கொட்ட வேண்டாம். வாங்கியதில் பாதிக்கு மேல் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். ஒருமுறை முந்திரி வறுக்கிற சட்டியால் அவர் மண்டையில் போட்டேன். ரத்தம் மூக்கு வழியாக இறங்க, "இன்னொன்னு போடுடி, செத்தாவது தொலையிறேன்" என்று தலையைக் குனிந்து காட்டினார். எனக்குக் கை எழவில்லை. கம்பவுண்டர் மருந்து இல்லை என்று கைவிரித்த அன்று அவர் அரிவாளோடு அவன் வீட்டுக்குப் போய்விட்டார். அவன் கதவைச் சாத்திக்கொண்டதால் வெட்டு கதவில் இறங்கியது. மரத்தில் பதிந்த அரிவாளைப் பிடுங்கப் பலமில்லாமல் அந்த வாசலிலேயே உட்கார்ந்து அழுதிருக்கிறார். அதற்குப் பிறகுதான் உன்னைச் செட்டிகுளத்தில் என் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். பள்ளிக்கூடம் அங்கே நன்றாக இருக்கிறது என்று உன்னிடம் சொன்னது பொய்.

உன் பெரியப்பாதான் இதற்கு முடிவு கட்டினார். கூடப் பிறந்த தம்பி அரிவாள் தூக்கிவிட்டான் என்று கேட்டதும் பங்காளிகளைக் கூட்டிக்கொண்டு வந்து, உன் அப்பாவைத் தரதரவென்று இழுத்துப்போய் மாட்டுக்கொட்டகைக் கல்தூணில் கட்டினார். வண்டிக்கயிற்றால் மார்பிலும் இடுப்பிலும் காலிலும் கட்டினார்கள். முதலில் கெஞ்சினார். அப்புறம் எங்கள் எல்லார் தாயையும் இழுத்து வைதார். அப்புறம் பேச்சே இல்லை, மாடு கதறுகிற மாதிரி ஒரு சத்தம்தான். மூக்கும் கண்ணும் ஒழுகின. வயிறு கழிந்து கால் வழியாகப் போனது. கட்டியிருந்தபடியே உதறி உதறிக் கயிறு சதைக்குள் இறங்கிவிட்டது. பின்மண்டையைத் தூணில் மோதிக்கொள்கிறார் என்று நான் நடுவே தலையணையைச் செருகினேன். பேயை இறக்குவதுபோல இறக்கிவிடலாம் என்று பெரியப்பா புளியம்விளாரால் அடித்தார். கஞ்சி ஊட்டப்போன என் விரலை உன் அப்பா கடித்ததில் நகம் பிய்ந்துபோனது. அது அப்புறம் சரியாக முளைக்கவே இல்லை.

உன் பெரியப்பாவைக் கெட்டவர் என்று நான் சொல்லவரவில்லை. அடிக்கிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் அந்தக் கொட்டகையிலேயே அவர் கிடந்தார். தம்பியின் மலத்தைத் தன் கையாலேயே கழுவினார். தம்பி சாப்பிடாதபோது தானும் சாப்பிடவில்லை. அடித்துவிட்டு வைக்கோல் போருக்குப் பின்னால் போய் வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுததை நான் பார்த்திருக்கிறேன். கடைசியில் உன் அப்பா தெளிந்து, "அண்ணே, பசிக்குது" என்றார். அவ்வளவு பெரிய மனிதர் அதைக் கேட்டுச் சின்னப்பிள்ளை மாதிரி குதித்தார்.

கட்டை அவிழ்த்த கையோடு எல்லாரையும் குலதெய்வத்துக்கு முன்னால் நிறுத்தினார். வெற்றிலையில் சூடத்தை ஏற்றி வைத்து, "இனிமே இவன் ஒடம்புல அந்த ஊசி ஏறக்கூடாது. ஏத்துனவங்க குடும்பம் வெளங்காது. ஒவ்வொருத்தரா வந்து அடிங்க" என்றார். சூடம் அடித்துச் சத்தியம் செய்தால் நம் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. கோர்ட்டில் பொய் சொல்கிறவன்கூட அதற்குப் பயப்படுவான். பெரியப்பா முதலில் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். மறுபடி ஏற்றினார்கள். உன் அப்பா அடித்தார். பிறகு நான் அடித்தேன். எனக்கு அதில் முழுச் சம்மதம். அந்தக் கம்பவுண்டர் கிடைத்திருந்தால் அவன் கையையே சூடமாக ஏற்றியிருப்பேன்.

அதற்குப் பிறகு நல்ல காலம் வந்தது. உன்னைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தோம். சைக்கிள் பாரில் உட்காரவைத்து அவர் உன்னை ரஞ்சன்குடிக் கோட்டைக்குக் கூட்டிப்போனது உனக்கு ஞாபகம் இருக்கும். உனக்கு ஞாபகம் இருக்கிற அப்பா இந்த அப்பாதான், அதில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. இடுப்பு வலி அவரை விடவே இல்லை. வலி எல்லை மீறும்போது தானாகவே கொட்டகைக்குப் போய்த் தூணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டு, "அண்ணே, கட்டு" என்பார். பெரியப்பா வந்து கட்டுவார். அடங்கியதும், "அவுத்து வுடு" என்பார். வலி என்றால் கட்டு, அடங்கினால் அவிழ்ப்பு. எந்த வைத்தியரும் சொல்லித்தராத அந்த வைத்தியத்தை அண்ணனும் தம்பியும் அப்படி நம்பினார்கள். வீட்டுக்குக் கூலிப்பணம் வேண்டுமே என்று பக்கத்து ஊர்களில் கிணற்றுக்கு வெடி வைக்கப் போக ஆரம்பித்தார். பாறைக்கிணறு தோண்ட அவரைவிட்டால் ஆள் இல்லை. கோடை விடுமுறைக்கு நீ மறுபடி செட்டிகுளம் போயிருந்தாய்.

ஒரு நாள் கிணற்றுக்குள் அவர் வைத்த வெடித்தோட்டா ஒன்று வெடிக்காமல் அடைத்துக்கொண்டது. பொறுத்துப் பார்த்துவிட்டு உள்ளே இறங்கினார். இறங்கிய பிறகு வெடித்தது. கயிற்றுக் கட்டிலில் வைத்து மேலே தூக்கி, டிராக்டரில் போட்டு அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். எனக்கு ஆள் வந்து சொல்லி, நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது இடுப்புக்குக் கீழே எது துணி, எது சதை என்று தெரியவில்லை. வயிற்றைத் துண்டால் அமுக்கிப் பிடித்திருந்தார்கள். நினைவு போயிருந்தால் புண்ணியம். போகவில்லை, கண்ணு. முழு நினைவோடு கிடந்தார். அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்களெல்லாம் எழுந்து வெளியே போய்விட்டார்கள். கொட்டகையில் கேட்ட கதறலை மோசம் என்று நினைத்திருந்தேன். அது இதற்குக் கால்தூசி.

அங்கே இருந்த டாக்டரம்மா வயதில் சின்னவள். என்னைத் தனியாக அழைத்துப்போய் மூடி மறைக்காமல் சொன்னாள். "பொழைக்க மாட்டாரும்மா. திருச்சி வரைக்கும் தாங்காது. வலி தெரியாம பாத்துக்கலாம், அது ஒண்ணுதான் என்னால முடியும்." தட்டில் ஊசியோடு வந்தாள். என்ன ஊசி என்று பெரியப்பா கேட்டார். மார்ஃபியா என்றாள். கட்டிலுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பெரியப்பா நின்றுவிட்டார். "சூடம் அடிச்சுருக்கோம். என் தம்பி ஒடம்புல அது ஏறாது. இவன் அத ஜெயிச்சவன்ம்மா. ஜெயிச்சவனாத்தான் போவணும்." டாக்டரம்மா கெஞ்சினாள். அவர் அசையவில்லை. அவருக்குப் பின்னாலிருந்து உன் அப்பாவின் குரல் கேட்டது. "அண்ணே, கட்டு. கட்டுண்ணே. தாங்கிடுவேன்."

பெரியப்பா தோளில் கிடந்த துண்டைக் கிழித்தார். கிழித்து, உன் அப்பாவின் கையைக் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்ட ஆரம்பித்தார். "தாங்குடா தம்பி, தாங்கு, சாமி பாத்துக்கும்" என்று சொல்லிக்கொண்டே அழுதுகொண்டே கட்டினார். வயிறு கிழிந்து கிடக்கிறவனைக் கட்டுகிறார், அவனும் கையை நீட்டிக் கொடுக்கிறான். அதைப் பார்த்த நிமிஷத்தில் எனக்குச் சாமியும் இல்லை, சூடமும் இல்லை. குளுக்கோஸ் பாட்டில் மாட்டுகிற இரும்புக் கம்பியைத் தரையிலிருந்து தூக்கினேன். "மாமா, நவுருங்க" என்று ஒருதரம்தான் சொன்னேன். அவர் திரும்பக்கூட இல்லை. துண்டை முடிந்துகொண்டிருந்த கையில் இறக்கினேன். எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்கே கேட்டது. அப்போதும் அவர் மற்றக் கையால் என் முடியைப் பிடித்து இழுத்தார். கடித்தேன், உதைத்தேன். கட்டிலுக்கடியில் இருவரும் உருண்டோம். உன் அப்பாவின் ரத்தம் இரண்டு பேர் மேலும் பூசியது. "போடுங்கம்மா, போடுங்க!" என்று நான் கத்த, அந்தப் பெண் எங்கள்மேல் கால்வைத்துத் தாண்டிப் போய் ஊசியைப் போட்டாள்.

பெரியப்பாவின் இடது மணிக்கட்டு ஏன் கோணல் என்று கேட்டாய், சின்ன வயதில். வண்டியிலிருந்து விழுந்ததாகச் சொன்னார். அதை உடைத்தது நான்.

மருந்து ஏறியதும் உன் அப்பாவின் முகம் தெளிந்தது. கல் விழுந்த நாளுக்கு முன்னால் இருந்த முகத்தை நான் அன்றுதான் மறுபடி பார்த்தேன். தண்ணீர் கேட்டார், நாக்கில் நனைத்தேன். "பையன் எங்க?" என்றார். செட்டிகுளத்தில் இருக்கிறான் என்றேன். "வெயில்ல அலையப்போறான்" என்றார். பிறகு துண்டு தொங்கிக்கொண்டிருந்த கையைப் பார்த்துவிட்டு, தரையில் கிடந்த அண்ணனிடம் மெதுவாகச் சொன்னார்: "வலி இல்லண்ணே. அவுத்து வுடு." உடைந்த கையோடு எழுந்து, மற்றக் கையாலும் பல்லாலும் உன் பெரியப்பாதான் அந்த முடிச்சை அவிழ்த்தார். சாயங்காலம் உயிர் போயிற்று. அதுவரைக்கும் அவர் ஒருதரம்கூடக் கத்தவில்லை.

சூடம் அடித்ததை நான் மீறியதால்தான் சாமி தம்பியைக் கொண்டுபோயிற்று என்று பெரியப்பா ஊரில் சொன்னார். அவர் அதை மனதார நம்புகிறார். நம்பாவிட்டால் தம்பியின் கையைக் கட்டியதை அவரால் தாங்க முடியாது. உன்னை மெட்ராஸ் வரைக்கும் படிக்கவைத்தவர் அவர். அவர்மேல் நீ வைத்த பாசத்தைக் கெடுக்கக்கூடாது என்று இத்தனை வருஷம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். இப்போதும் அவரிடம் போய்ச் சண்டை பிடிக்காதே. பிடித்தால் இந்தமுறை கரண்டி குறி தப்பாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உன் மருந்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது அன்றைக்கு இருந்திருந்தால் அந்தக் கல்தூண் தேவைப்பட்டிருக்காது, புளியம்விளார் தேவைப்பட்டிருக்காது, என் விரல் நகம் இருந்திருக்கும். அதைக் கண்டுபிடித்தவன் யாராயிருந்தாலும் காலில் விழுந்திருப்பேன். நம் தாலுகாவிலேயே எத்தனை வீட்டில் எத்தனை பெண்கள் விழுவார்களோ. அதனால் போ, கண்டுபிடி. ஆனால் உன் எலி துள்ளுவதைச் சொல்லும்போது நீ சிரித்தாயே, அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அந்த எலி ஏன் துள்ளுகிறது? உள்ளே மார்ஃபியா போயும் அதற்குச் சுடுகிறது. போதையை மட்டுமா உன் காவல் தடுத்தது? ஆறுதலையும் சேர்த்துத்தான் தடுத்தது. உன் மருந்தை உன் அப்பாவுக்குப் போட்டிருந்தால், தூணில் கட்டாமலேயே அவர் மீண்டிருப்பார், வாஸ்தவம். ஆனால் வெடி வெடித்த அன்று டாக்டரம்மா எத்தனை ஊசி போட்டிருந்தாலும் அவர் சாயங்காலம் வரை கத்திக்கொண்டேதான் கிடந்திருப்பார்.

கையை விரித்துக்கொண்டு நின்றாரே உன் பெரியப்பா, அவரைத்தான் நீ ரத்தத்துக்குள் நிறுத்தப் பார்க்கிறாய். நல்லவர்தான், பாசக்காரர்தான், அழுதுகொண்டேதான் தடுப்பார். ஆனால் எது திருட்டுத்தனமாக வருகிற ஊசி, எது சாகிறவனுக்கு வருகிற ஊசி என்று அவருக்குத் தெரியாது. வெளியே நின்ற பெரியப்பாவை என்னால் இரும்புக் கம்பியால் அடித்து நகர்த்த முடிந்தது. ரத்தத்துக்குள் நிற்கிற பெரியப்பாவை நான் எதைக்கொண்டு அடிப்பேன்?

இதற்கு என்ன செய்யலாம் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் உன்னைப் படிக்கவைத்தோம். அங்கே போனதும் ஆய்வுக்கூடத்துப் பெரியவர்களிடம் முதல் கேள்வியாக இதைக் கேள். பட்டிக்காட்டுக் கேள்வி என்று சிரித்தால், கரண்டியால் எறி. புறப்படுவதற்கு முன் ஒருநாள் வீட்டுக்கு வா. கோழி அடிக்கிறேன், உட்கார்ந்து முழுசாகச் சாப்பிட்டுவிட்டுப் போ. போகும் வழியில் பெரியப்பா வீட்டிலும் இறங்கு, அந்தக் கோணல் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திரு. உன் அப்பாவைக் கட்டியவரும் அவர்தான், அவிழ்த்தவரும் அவர்தான். நீ கட்டுவதற்கு மட்டும் படித்துவிட்டு வந்து நிற்காதே.